கோச் இறங்கி ஆடுவதா, மேட்டில் நின்று பார்ப்பதா?

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தோட்டத்துக் கிளப் பையன்களுடைய உதைபந்து பிரக்டிஸ் முடிந்து பந்துகளை வலைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பையனுடைய அப்பா மேட்டுப் பாதையிலிருந்து இறங்கி வந்தார். கைக்காசுக்குக் கொழுந்து எடுத்துவிட்டு நேராக வந்திருந்தார், இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றார். அப்புறம் சொன்னார்: "மாஸ்டர், கோவிச்சுக்கக் கூடாது. நீங்க உள்ள வெளையாடுறீங்க, எங்க பையன் வெளிய நிக்கிறான். பிரக்டிஸ் யாருக்கு?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றைக்கு வந்தது 17 பையன்கள். எங்கள் மைதானம் மலையை வெட்டி எடுத்த ஒரு துண்டு, ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. அதில் எட்டுக்கு எட்டு ஆடலாம், அதற்கு மேல் போனால் நெரிசல். நான் இறங்காமல் இருந்திருந்தால் ஒருவன்தான் வெளியே நின்றிருப்பான். நான் இறங்கியதால் இரண்டு பேர் நின்றார்கள். அந்த இரண்டாவது ஆள் அவருடைய மகன். லேசான கணக்குத்தான், ஆனால் ஆறு வருஷமாக நான் போட்டுப் பார்க்காத கணக்கு.

அடுத்த சீசன் தொடங்குமுன் இதை ஒரு முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். எங்கள் கிளப்புக்கு மட்டுமான பிரச்சினை என்று இதை நான் நினைக்கவில்லை. இலங்கை மலையகத்தில் டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் எனக்குத் தெரிந்து பையன்களுக்கு உதைபந்து பழக்குகிறவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் ஆடியவர்கள், பந்து உருள்வதைக் கண்டால் ஓரமாக நிற்க மனசு வராதவர்கள். தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில் 16 வயதுக்குட்பட்டவர்களைப் பொறுப்பெடுத்திருக்கிற தம்பியும் இதையேதான் கேட்டான்: "அண்ணே, நான் உள்ள இறங்குறதா, விசிலோட வெளிய நிக்கிறதா?" அவனுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் முழுதாக இறங்கி ஆடுவதைப் பார்ப்போம். நானே செய்தது என்பதால் அதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். "உடம்பைப் பாதி திருப்பி வைத்துக்கொண்டு பந்தை வாங்கு" என்று ஒரு 14 வயதுப் பையனிடம் வாயால் பத்துத் தடவை சொன்னாலும் அவன் தலையை ஆட்டிவிட்டுப் பழையபடி கோலுக்கு முதுகைக் காட்டித்தான் வாங்குவான். பக்கத்திலேயே நின்று நாம் இரண்டு தடவை அப்படி வாங்கி, முதல் தொடுதலிலேயே முன்னால் திரும்பி ஓடினால், மூன்றாவது தடவை அவன் சொல்லாமலே செய்வான். பாஸின் வேகமும் அப்படித்தான். பந்தை எவ்வளவு விறைப்பாகத் தட்ட வேண்டும் என்பதை வார்த்தையில் சொல்ல முடியாது, காலில் வந்து விழுந்தால்தான் தெரியும்.

அப்புறம் பேச்சு. எங்கள் பையன்கள் லயத்து வீடுகளில் வாய் ஓயமாட்டார்கள், பஸ்ஸில் ஓயமாட்டார்கள், கோட்டுக்குள் வந்தால் ஊமையாகிவிடுவார்கள். நான் உள்ளே நின்று "ஆள் வருது", "நேரம் இருக்கு", "திரும்பு" என்று கத்திக்கொண்டே ஆடினால் பத்து நிமிஷத்தில் அவர்களும் கத்தத் தொடங்குவார்கள். வெளியே நின்று "பேசுங்கடா" என்று அதட்டி இதை வரவழைக்க முடிந்ததில்லை. தை மாதம் காலை ஏழு மணிக்கு, அதுவும் நுவரெலியாப் பக்கம் புல்லில் வெள்ளையாய் உறைபனி கிடக்கிற நாளில், கைகளைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு நிற்கிற பையன்களை ஓடவைக்க ஒரே வழி நாம் முதலில் ஓடுவதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. வெளியூரிலிருந்து வந்து பழக்குகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். கீழே சனம் வேலை செய்யும், மேலே ரோட்டில் ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார், குறை சொல்வார், சத்தம் போடுவார். கங்காணியிலிருந்து தோட்டத்துத் தொரை வரைக்கும் அந்த உருவத்தை எங்கள் சனம் 200 வருஷமாகப் பார்த்து வந்திருக்கிறது. மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்து 200 வருஷம் என்று 2023இல் நினைவுகூர்ந்தோமே, அந்த 200 வருஷமும்தான். அப்படிப்பட்ட இடத்தில் கோச் மேட்டில் ஏறி நின்று விரலை நீட்டினால் பையன்களுடைய உடம்பு தானாகச் சுருங்குகிறது. அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன், கால் கட்டுப்பட்ட மாதிரி ஆடுவார்கள். நான் இத்தனை வருஷம் இறங்கி ஆடியதற்கு என் கால் அரிப்பு ஒரு காரணம் என்றால், பெரிய காரணம் இது. அவர்களோடு சேற்றில் விழுந்து எழும்புகிறவனாக இருக்க வேண்டும், மேலே நிற்கிறவனாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். இப்போதும் அந்த நினைப்பில் தப்பில்லை என்றுதான் சொல்வேன்.

சரி, அப்படியானால் என்ன குறை?

போன வருஷம் எங்கள் பையன் ஒருவனுக்குக் கணுக்கால் சுளுக்கி இரண்டு வாரம் ஆட முடியாமல் போனது. வீட்டில் இருடா என்றால் கேட்கவில்லை, வந்து மேட்டில் உட்கார்ந்துகொள்வான். சும்மா இருக்க வேண்டாம் என்று ஒரு கொப்பியைக் கொடுத்து, யார் யாருக்குப் பாஸ் போகிறது என்று எழுதச் சொன்னேன். அவன் என் பக்கத்து எட்டுப் பேருடைய பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக் கட்டு, இப்படியே 20 நிமிஷம் போட்டிருந்தான். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை எழுதுகிற கவனத்தோடு எழுதியிருந்தான், அழித்து எழுதின இடம் ஒன்றுகூட இல்லை. "மாஸ்டர்" என்ற வரி நிரம்பி, அடுத்த வரிக்கு இறங்கி, அங்கேயும் பாதிவரை போயிருந்தது. மொத்தப் பாஸில் கிட்டத்தட்ட பாதி எனக்கு வந்திருக்கிறது. இடது பக்கம் ஓடுகிற பையனுடைய பெயருக்கு நேரே மூன்றே மூன்று கோடு.

நான் கேட்டு வாங்கவில்லை. அவர்களாகத்தான் தந்தார்கள். மாஸ்டரிடம் தந்தால் பந்து போகாது, திட்டு விழாது, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பையன்களுடைய கண்ணில் நான் ஒரு பத்திரமான இடம். மெட்ச் அன்றைக்கு அந்தப் பத்திரமான இடம் கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தலோடு நிற்கும், அப்போது பந்தை யாரிடம் தருவார்கள்? பிரக்டிஸில் நன்றாக ஆடிவிட்டு மெட்சில் ஏன் பந்தைக் கண்டபடி தூக்கி அடிக்கிறார்கள் என்று நான் எத்தனையோ தடவை அவர்களைக் கடிந்திருக்கிறேன். காரணம் அந்தக் கொப்பியில் இருந்தது.

அதைவிடப் பெரிய குறை, ஆடும்போது பார்க்க முடியாது. பந்து என் காலுக்கு வரும்போது என் கண் பந்தில், என் மூளை அடுத்த பாஸில். பின்வரிசை நான்கு பேரும் ஒரே கோட்டில் ஏறினார்களா, வலது பக்கப் பையன் மூச்சு வாங்கி இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, கோல்கீப்பர் கோல் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறானா, எதுவும் தெரியாது. ஒரு மணி நேரம் ஆடி முடித்து வீட்டுக்குப் போய் யோசித்தால் ஞாபகம் வருவதெல்லாம் நான் செய்த நல்ல பாஸும் நான் விட்ட கோலும்தான். அந்த மூன்று கோட்டுக்காரனை நான் ஆறு மாதமாகப் பார்த்தும் பார்க்கவில்லை.

இத்தாலியின் அரிகோ சாக்கி தொழில்முறையில் ஒரு மெட்ச்கூட ஆடாதவர், சப்பாத்து விற்றுக்கொண்டிருந்தவர். அவர் பழக்கிய மிலான் அணி 1989இலும் 1990இலும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. தன் அணியின் கடைசித் தடுப்பாட்டக்காரனுக்கும் முன்கள ஆட்டக்காரனுக்கும் நடுவில் ஏறத்தாழ 25 மீட்டருக்கு மேல் இடைவெளி விழக் கூடாது என்பது அவர் பிடித்த பிடி. பந்தே இல்லாமல், இருக்கிறதாக நினைத்துக்கொண்டு, பதினொரு பேரும் ஒன்றாக நகர்வதைப் பழக்குவார். அந்த 25 மீட்டர் சுருங்குகிறதா விரிகிறதா என்பது உள்ளே நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. எங்களுக்கோ காசு கொடுத்துக் கட்டினாலும் கிடைக்காத ஒரு வசதி மைதானத்துப் பக்கத்திலேயே இருக்கிறது. மலைநாட்டில் எந்தத் தோட்ட மைதானத்தை எடுத்தாலும் ஒரு பக்கம் மேடு இருக்கும், ஏறி நின்றால் முழு ஆட்டமும் கேரம் போர்டு மாதிரி கீழே விரிந்து கிடக்கும். கொழும்பில் தட்டையான மைதானங்களில் இதற்காகக் கமெராவை உயரத்தில் கட்டுகிறார்கள்.

பெரிய பெரிய ஆட்களெல்லாம் இறங்கி ஆடினார்களே என்று கேட்பவர்கள் உண்டு. என்னிடமே கேட்டிருக்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பில் கென்னி டல்கிளிஷ் 1985இல், 34 வயதில், ஆட்டக்காரராக இருந்தபடியே மனேஜரானார். அந்தச் சீசனிலேயே லீக் பட்டமும் எஃப்ஏ கிண்ணமும் வந்தன, 1986 மே 3ஆம் திகதி செல்சி மைதானத்தில் லீக்கை உறுதிசெய்த ஒரே கோலை அடித்ததும் அவரே. கேட்க மயிர்க்கூச்செறியும் கதைதான். ஆனால் அவர் உள்ளே ஓடிக்கொண்டிருந்தபோது வெளியே ரொனி மொரான் மாதிரிப் பல வருஷம் அந்தக் கிளப்பிலேயே பழம் தின்று கொட்டை போட்டவர்கள் நின்றார்கள், ஆலோசனைக்குப் பழைய மனேஜர் பொப் பெய்ஸ்லியே இருந்தார். சினடின் சிடான் தான் மனேஜராக இருந்த ரியல் மட்ரிட் பயிற்சிகளில் வீரர்களோடு சேர்ந்து பந்து தட்டுவார், அதே ஆள் 2016, 2017, 2018 என்று மூன்று வருஷம் தொடர்ந்து சம்பியன்ஸ் லீக் வென்றார். அவர் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் உதவிப் பயிற்றுவிப்பாளர் பெத்தோனியும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்சியில் கிளென் ஹொடிலும் ஆட்டக்கார மனேஜராக இருந்தார், 1994 எஃப்ஏ கிண்ண இறுதியில் 36 வயதில் தானே மாற்று வீரராக இறங்கினார், மென்செஸ்டர் யுனைடெட்டிடம் 4-0 தோல்வி. அவர் இறங்கியதால்தான் தோற்றார்கள் என்று சொல்வது அநியாயம், அந்த யுனைடெட் அணி அப்படிப்பட்ட அணி. ஆனாலும் அந்த நேரத்தில் ஓரத்தில் நின்று யோசிக்க வேண்டிய மூளை புல்லுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு இவர்களைவிட அலெக்ஸ் ஃபெர்குசன் கதைதான் மனசில் நிற்கிறது. ஸ்கொட்லாந்தில் அபர்டீன் கிளப்பில் இருந்த காலத்தில் எல்லாப் பயிற்சியையும் தானே நடத்திக்கொண்டிருந்தவர் அவர். அங்கே அவருடைய உதவியாளரே ஒருநாள், என்னை எதற்குத்தான் இங்கே வைத்திருக்கிறீர்கள் என்கிற மாதிரிக் கேட்டுவிட்டார். ஃபெர்குசனுக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு பயிற்சியை உதவியாளரிடம் விட்டுவிட்டு ஓரமாக நின்று பார்க்கத் தொடங்கினார். நின்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு ஆட்டக்காரனுடைய பழக்கம் மாறுவது, அவனுக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை, காயத்தை மறைக்கிறான், இதெல்லாம் கண்ணில் பட்டது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1986 முதல் 2013 வரை மென்செஸ்டர் யுனைடெட்டில் 13 லீக் பட்டங்கள் வென்றது அப்படி ஓரத்தில் நின்று பார்த்தே.

ஆக, இவர்களில் யார் ஆடினார், யார் ஆடவில்லை என்று எண்ணிப் பார்ப்பதால் நமக்கு ஒன்றும் கிடைக்காது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் உள்ளே இருக்கும்போது வெளியே யாருடைய கண் இருக்கிறது? டல்கிளிஷுக்கு இருந்தது. சிடானுக்கு இருந்தது. தோட்டத்துக் கிளப்பில் கோச்சும் நான்தான், பந்து ஊதுகிறவனும் நான்தான், முதலுதவிப் பெட்டியும் என் பையில்தான்.

காயத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்பு ஆனி மாதம், மைதானம் சேறு. எங்கள் பக்கம் வைகாசி தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் தென்மேல் மழை விடாது, மைதானத்தில் பாதி ஆடக்கூடிய நிலையில் இருக்காது. (பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்கு மழை ஐப்பசிக்கு மேல்தான், அவர்கள் மாதக் கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும்.) நான் ஸ்டட் வைத்த பூட்ஸ் போட்டிருந்தேன். பையன்களில் நாலைந்து பேர் கன்வஸ் சப்பாத்து, இரண்டு பேர் வெறுங்கால். பந்தைத் தடுக்கக் காலை நீட்டினேன், வழுக்கியது, என் முழுப் பாரமும் ஒரு வெறுங்கால் பையனுடைய பாதத்தில் இறங்கியது. அவனுக்குப் 13 வயது, 40 கிலோகூட இருக்க மாட்டான். பெருவிரல் நகம் வேரோடு கழன்றது. அழவில்லை, "பரவால்ல மாஸ்டர், பரவால்ல மாஸ்டர்" என்று திரும்பத் திரும்ப அவன் எனக்குத்தான் ஆறுதல் சொன்னான். அடுத்த நாள் அவனுடைய அம்மா வேலைக்குப் பெரட்டுக்குப் போகாமல், ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, இழந்து, ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லிப் பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதிலிருந்து ஒன்றை விதியாகவே வைத்திருக்கிறேன், நீங்களும் வையுங்கள். பையன்கள் என்ன போட்டிருக்கிறார்களோ அதைவிடக் கடினமானது கோச்சின் காலில் இருக்கக் கூடாது. 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களோடு பந்துக்காக மோதக் கூடாது, காலை நீட்டித் தடுக்கக் கூடாது, தலையால் அடிக்க எழும்பக் கூடாது.

நம்முடைய உடம்பையும் பார்க்க வேண்டும். எனக்கு 43 வயது. வாரத்தில் ஆறு நாள் ஸ்டோரில் நின்று வேலை, ஏழாம் நாள் சூடேற்றாமல் திடீரென்று ஓட்டம். கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் அறுவது இந்த வயதில் இந்த மாதிரி ஓடுகிறவர்களுக்குத்தான் அதிகம். பார்சலோனாவில் கோச்சாக இருந்த யொஹான் குரூஃப் பயிற்சியில் வீரர்களோடு சேர்ந்து ஆடுகிற ஆள், 1991இல் இதே 43 வயதில் அவருக்கு இதய சத்திரசிகிச்சை நடந்தது. காரணம் ஆட்டம் இல்லை, சிகரெட். ஆனால் நம்மில் எத்தனை பேர் சிகரெட்டோ வெற்றிலையோ பழகிக்கொண்டு, பிரஷர் மாத்திரையும் போட்டுக்கொண்டு, 18 வயதுப் பையனுக்குப் பின்னால் ஓடுகிறோம்? ஹட்டனே 1200 மீட்டருக்கு மேல், நுவரெலியா 1868 மீட்டர். கொழும்பிலிருந்து வந்து ஒரு வாரம் பழக்கிவிட்டுப் போகிற கோச்மார் முதல் நாளே இறங்கி ஓடிவிட்டு மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்காவது முதல் இரண்டு நாள் வெளியே நிற்பது நல்லது.

இப்போது எதிர்ப்பக்கம்: ஒருபோதும் இறங்காமல் விசிலோடு நிற்பது. மேலே சொன்ன எல்லாக் குறைகளும் இதில் இல்லை. ஆனால் நான் முன்னால் சொன்ன கங்காணி நிழல் இதில் விழுகிறது, அது சின்ன விஷயம் இல்லை. செய்து காட்டவும் முடியாது. ஒரு கோச்சைத் தெரியும், ஆட்டத்தை நன்றாகப் படிக்கக் கூடியவர், ஆனால் மைதானத்துக்குச் செருப்போடுதான் வருவார். பையன்கள் அவரை மதித்தார்கள், பயந்தார்கள், சந்தேகம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் அவரிடம் ஒருவனும் வாய் திறந்து "எனக்கு இது விளங்கல" என்று சொல்லவில்லை என்றால் அந்தக் கண்ணால் என்ன பயன்?

நடுவழி ஒன்று இருக்கிறது, நான் கடைசியில் அதில்தான் வந்து நிற்கிறேன். சின்ன வயதில் ஆள் ஒற்றைப்படையாக வந்தால் ஒருவனைப் பொது ஆளாக விடுவோமே, யாரிடம் பந்து இருக்கிறதோ அவர்கள் பக்கம் ஆடுகிறவன், அதேதான். கோச் பொது ஆளாக இறங்கலாம், ஆனால் கட்டுப்பாட்டோடு. இரண்டு தொடுதலுக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது. கோல் அடிக்கக் கூடாது, பந்தைப் பறிக்கக் கூடாது. முக்கியமாக, தந்தவனுக்கே திருப்பித் தரக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் போட்ட அன்றைக்கே ஆட்டம் மாறியது. என்னிடம் தந்துவிட்டுச் சும்மா நிற்கிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்றதும் மூன்றாவது ஆள் ஓடி வந்து இடம் எடுக்கத் தொடங்கினான், பத்திரமான இடமாக இருந்த நான் வெறும் சுவராகிவிட்டேன். பந்து வைத்திருக்கும் பக்கத்துக்கு எப்போதும் ஒரு ஆள் கூடுதல் என்பதால் பாஸுக்கு வழி தேடுவதும் வந்துவிடும். நான் எந்தப் பக்கமும் இல்லாததால் எனக்கு வெற்றி தோல்வி இல்லை, அதனால் ஆட்டச் சூட்டில் நான் கத்துவதும் குறைந்தது.

இதற்கும் 20 நிமிஷம்தான். வட்டமாக நின்று நடுவில் இரண்டு பேரை விட்டுப் பந்து தட்டுவதில், ஸ்பெயின்காரர்கள் ரொண்டோ என்பார்களே அதில், கோச் தாராளமாக நிற்கலாம், வட்டத்தில் நின்றபடியே எல்லாருடைய காலையும் பார்க்க முடியும். சூடேற்றும் பயிற்சியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஃபிஃபாவின் 11+ என்கிற 20 நிமிஷச் சூடேற்றல் இருக்கிறது, 15 பயிற்சிகள், காயத்தைக் குறைக்கவென்றே வகுத்தது. அதில் குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாக மடியக் கூடாது என்பதுதான் பல பயிற்சிகளின் உயிர். கோச் வரிசையில் சேர்ந்து குதித்தால் யாருடைய முழங்கால் மடிகிறது என்று தெரியாது. ஒரு தடவை செய்து காட்டிவிட்டு, வரிசைக்கு முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து முழங்கால்களைப் பாருங்கள்.

மெட்ச் மாதிரி ஆடும் நேரம் வந்தால் வெளியே வந்துவிட வேண்டும், மேட்டில் ஏற வேண்டும். அப்போது அந்தக் கங்காணி நிழலை என்ன செய்வது? நான் கண்டுபிடித்த வழி, தனியாக ஏறாமல் இருப்பது. வெளியே இருக்கிற பையன்களைக் கூட்டிக்கொண்டு ஏறுகிறேன், அவர்களோடு புல்லில் உட்காருகிறேன், "இப்ப நீ அங்க இருந்தா எங்க நிப்பே?" என்று கேட்கிறேன். வெளியே நிற்கிறவனுக்கும் அது பிரக்டிஸ் ஆகிறது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மேலிருந்து கத்துவதில்லை, இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்று சொல்கிறேன். கால் வலிக்கும், பரவாயில்லை.

ஆள் குறைந்தால் என்ன செய்வது என்று தம்பி கேட்டான். நம் ஊரில் அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற பெரிய பையன்கள் ஊருக்கு வருவார்கள், வந்த அன்றைக்கே சாயங்காலம் மைதானத்தில் நிற்பார்கள். அவர்களை இறக்குங்கள், பொது ஆளாக விடுங்கள், நீங்கள் பாருங்கள். ஊரோடு தங்கிவிட்ட ஒருவன் அவர்களுக்குள் இருந்தால் அவனை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு உதவியாளர் கிடைத்த நாளிலிருந்து நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம், அப்போது வெளியே ஒரு கண் இருக்கும்.

பத்து வயதுக்குக் கீழே என்றால் நான் சொன்னதில் பாதியை மறந்துவிடுங்கள். அந்தப் பிள்ளைகள் பந்தைச் சுற்றித் தேனீ மாதிரி மொய்ப்பார்கள், வியூகம் பார்க்க ஒன்றும் இல்லை. வெறுங்காலோடு இறங்கி அவர்களோடு ஆடுங்கள், சிரியுங்கள், அது போதும். பெண் பிள்ளைகள் அணிக்கு ஆண் கோச் உடம்பு முட்டுகிற எந்த ஆட்டத்திலும் இறங்கக் கூடாது, இதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. வளர்ந்தவர்கள் கிளப்பில், அதுவும் ஏழு பேர் டோர்னமென்டுகளில், கோச்சே அணியின் நல்ல ஆட்டக்காரனாக இருப்பது எங்கும் உள்ளதுதான். ஆடட்டும். ஆனால் ஆளை மாற்றும் அதிகாரத்தை மெட்ச் தொடங்குமுன் வெளியே நிற்கிற ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும், கோச்சையே வெளியே எடுக்கிற அதிகாரமும் சேர்த்து. களைத்துப்போனவன் தான் களைத்துவிட்டேன் என்று தானே ஒத்துக்கொள்வது கடினம்.

கமிட்டிக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். ஒருவர் மட்டும், "மாஸ்டர் உள்ள இருந்தாத்தான் பசங்க அடக்கமா இருப்பானுங்க" என்றார். கொப்பியை எடுத்துக் காட்டினேன். அந்தப் பக்கத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார், இடது பக்கப் பையனுடைய மூன்று கோட்டில் விரலை வைத்து, "இது யாரு?" என்று கேட்டார். அவருடைய அக்காள் மகன்.

நேற்று அந்த அப்பாவை மடுவத்துப் பக்கம் கண்டேன். இந்த ஞாயிறு முதல் 20 நிமிஷம் நான் பொது ஆள், அப்புறம் எட்டுக்கு எட்டு, நான் மேட்டில் இருப்பேன், 17 பேர் வந்தால் வெளியே நிற்கிறவன் எட்டு நிமிஷத்துக்கு ஒருமுறை மாறுவான் என்று சொன்னேன். "அப்ப நீங்க மேல ஒக்காந்திருப்பீங்க" என்றார். ஆமாம் என்றேன். "நானும் வந்து ஒக்காரலாமா, மாஸ்டர்?" என்று கேட்டார். வாங்க அண்ணே, கொப்பி எழுத ஒரு ஆள் வேணும் என்றேன்.